நுரைக்கு முன் தண்ணீர்: பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் கார் கழுவும் கருவிகள்

அரியலூரில் கார் வைத்திருப்பவர்கள் தினமும் ஒரு வேலை செய்கிறார்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்க்கிறார்கள். விரல் போன தடம் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு துணியை எடுத்து நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். காரின் பெயின்ட்டுக்கு இதைவிடக் கெடுதல் செய்யும் பழக்கம் வேறு இல்லை. நுரை தெளிக்கும் கருவிகளை ஆராயப் புகும்போது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நுரையின் முதல் வேலையே அந்தத் துணியைக் காய்ந்த தூசியின் மேல் பட விடாமல் தடுப்பது.

அரியலூர் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ரெட்டிபாளையம், கீழப்பழூர், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய் என்று தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர்கள், ஆலையிலிருந்து மூட்டையும் பல்க்கருமாகக் கிளம்பும் சிமெண்ட் லாரிகள் எல்லாம் ஓடுவது பொதுச்சாலைகளில்தான். பெரம்பலூர்க்காரர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையின் மண்ணும் கல்குவாரித் தூளும் சேர்ந்து படியும். கோடையில் மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளிலிருந்து வரும் செம்மண் அதோடு சேரும்.

இந்தத் தூசியை ஒரே தூசியாக எண்ணிவிடக் கூடாது. சுண்ணாம்புக்கல் தூள் மென்மையானது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 3. தண்ணீர் பட்டால் இறுகாது, கலங்கலாக வழிந்துவிடும். சாலை மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் அதே அளவில் 7, கண்ணாடியையே கீறும். காரின் வண்ணத்துக்கு மேலிருக்கும் நிறமற்ற மேற்பூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்தான். அந்தப் பூச்சின் மேல் குவார்ட்ஸை வைத்துத் துணியால் தேய்த்தால் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல் விழும்.

மூன்றாவது வகை சிமெண்ட் தூசி. அதுதான் மோசமானது. மார்கழி, தைப் பனியில் ராத்திரி வெளியே நிற்கும் வண்டியின் மேல் பனித்துளி இறங்கும். தூசி அதைக் குடித்து, கட்டடத்தில் இறுகுவது போலவே வண்டியின் மேலும் இறுக ஆரம்பிக்கும். அது கடும் காரத்தன்மை உடையது என்பதால் பூச்சையும் அரிக்கும். இறுகியதை எந்த நுரையும் கரைக்காது. வினிகரை நன்றாக நீர்த்து, சிறிய இடத்தில் வைத்துப் பார்த்து, உடனே அலசிவிடலாம். குரோம் பட்டையிலும் அலுமினியத்திலும் படக் கூடாது. இறுகாமல் பார்த்துக்கொள்வதே மேல். ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் கருவி வாங்கும் முன் ஒரு நல்ல கார் உறை வாங்குவது நியாயமான செலவு என்பேன்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். கருவி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவது இங்கேதான். வீடியோவில் வண்டி முழுக்கப் பஞ்சுப்பொதி மாதிரி நுரை நிற்கிறது. அதே கருவி, அதே ஷாம்பு, அதே அளவு. நம் வாசலில் அடித்தால் பால் மாதிரி வழிந்து ஓடுகிறது. கருவி போலி என்று திருப்பி அனுப்புகிறார்கள். பல நேரம் கருவியில் குற்றமே இருக்காது.

அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்த நிலம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பது அதனால்தான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். இந்தப் பாறைகளுக்குள் ஊறிவரும் போர் தண்ணீரில் கால்சியம் நிறைய இருப்பதில் வியப்பில்லை. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று வீட்டில் சொல்வது இதைத்தான். பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்கே காரைப் பக்கம் போனால் களிமண்ணுக்குள் ஜிப்சம் பாளம் பாளமாக மின்னும். ஜிப்சத்திலிருந்து வரும் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் போகாது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருப்பது கடும்பாறை. அங்கே தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு மாறும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நுரைக்கு இந்த எண் முக்கியம். சோப்பின் மூலக்கூறு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரிந்துவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் நுரைக்கும். இன்றைய கார் ஷாம்புகளில் இருப்பது பழைய சோப்பு அன்று. கடின நீரை அவை கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் நுரையின் கனமும் அது நிற்கும் நேரமும் குறையத்தான் செய்யும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில், கிடைத்தால் மழைநீர் ஒரு பாட்டில். மூன்றிலும் பாதி நிரப்பி, குளிக்கும் சோப்பை ஒரே அளவாகச் சீவிப் போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை பாட்டிலின் கழுத்து வரை எழும். கடினமான போர் தண்ணீரில் மேலே மெல்லிய வளையமும் கீழே மோர் திரிந்த மாதிரி ஒரு கலங்கலும் தெரியும். டி.டி.எஸ். மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். கரைந்த உப்பு மொத்தத்தையும் அது காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

எனவே என் முதல் பரிந்துரை கருவியைப் பற்றியதே இல்லை. நுரை கலக்கும் ஒன்றிரண்டு லிட்டருக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள். மழைநீர் இருந்தால் மிக நல்லது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் கிட்டத்தட்ட உப்பில்லாத தண்ணீர்தான். 500 ரூபாய்க் கருவியும் அந்தத் தண்ணீரில் நல்ல நுரை தரும்.

தண்ணீரில் அடுத்த பிரச்சினை அழுத்தம். தோட்டக் குழாயில் நேரடியாக மாட்டும் நுரைத் துப்பாக்கி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. விலை மலிவு, மின்சாரம் வேண்டாம், பார்க்கவும் எளிது. நம் வீடுகளுக்கு அது பெரும்பாலும் உதவாது. அதைத் தெருக்குழாயிலேயே 3 பார் அளவு அழுத்தம் வரும் நாடுகளுக்காக வடிவமைத்தார்கள். நமக்குத் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் சின்டெக்ஸ் தொட்டிக்கும் வாசல் குழாய்க்கும் 5 மீட்டர் இருந்தால் அரை பார். நீளமான ஓஸில் அதிலும் கொஞ்சம் போய்விடும். அந்த அழுத்தத்தில் சோப்புத் தண்ணீர் வருமே தவிர நுரை வராது. மாடித் தொட்டிக் குழாயில் அழுத்த மோட்டார் வைத்திருப்பவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

கைப்பம்பு நுரைத் தெளிப்பானுக்கு இந்தக் குறை கிடையாது. ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் குடுவை, மேலே அழுத்தும் கைப்பிடி, விசை, நாசில். குடுவைக்குள் காற்றை அடைத்து 2 முதல் 3 பார் வரை அழுத்தத்தை நாமே உண்டாக்குகிறோம். அடைபட்ட காற்றும் சோப்புத் தண்ணீரும் நாசிலுக்குப் பின்னால் இருக்கும் சிறு வலையிலோ பஞ்சு வட்டிலோ ஒன்றாகப் புகுந்து நுரையாகின்றன. மின்சாரம் வேண்டாம், குழாய் வேண்டாம், அடுக்குமாடி வீட்டின் கீழே நிறுத்திய வண்டிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். சாதாரணமானவை 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஸ்பெயின் நாட்டின் கொய்ஸ்பர் நிறுவனத்தின் ஐ.கே. தெளிப்பான்கள் சில ஆயிரம் ஆகும். அமிலத்தையும் காரத்தையும் தாங்கும் ரப்பர் வளையங்கள் அவற்றில் இருப்பதால் நெடுநாள் உழைக்கும்.

மலிவான குடுவைகளில் மூன்றைக் கவனித்து வாங்க வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் தானே வெளியேற்றும் வால்வு இருக்கிறதா, நாசில் முனையைக் கழற்றி வலையை அலச முடிகிறதா, வாயிலுள்ள ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா. குடுவையை விளிம்பு வரை நிரப்புவது எல்லோரும் செய்யும் பிழை. காற்றுக்கு இடமில்லாவிட்டால் நாலு முறை பீய்ச்சியதும் அழுத்தம் இறங்கிவிடும். முக்கால் குடுவைக்கு மேல் போக வேண்டாம். ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு ஒரு நிரப்பல் காணும், இன்னோவாவுக்கு இரண்டு.

பெரம்பலூரில் நுரைக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது மருந்தடிக்கும் டேங்கை விட்டுவிட முடியாது. பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் என்று பயிர் செய்யும் வீடுகளில் 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான் சாதாரணமாக இருக்கும். அதிலேயே ஷாம்பு கலந்து அடித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நுரை வராது. அதன் நாசில் மருந்தைப் பொடித்துளியாகச் சிதறடிப்பதற்கானது. காற்றைக் கலக்கும் அறை அதில் இல்லை. அதைவிடக் கவலை தருவது களைக்கொல்லி. எத்தனை முறை அலசினாலும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் தங்கும். அந்தத் தண்ணீரை வாசலில் அடித்து, குழந்தைகள் தொடும் கதவுக் கைப்பிடியில் பூசுவதா? எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும்: டேங்கில் தங்கிய சோப்பு, அடுத்த தெளிப்பில் பயிரின் இலையைக் கருக்கலாம். பயிருக்கு ஓடியதை வண்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆனால் புதிதாக ஒன்று வாங்கி, வண்டிக்கென்றே ஒதுக்கிவைத்தால் அது அருமையான அலசும் கருவி. குழாயில் அழுத்தமில்லாத வீட்டில் ஒரே சீரான விசையுடன் தண்ணீர் தருகிறது. ஒரு டேங்க் தண்ணீரில் தூசியை இறக்கிவிடலாம். நுரைக்குக் கைப்பம்பு, அலசப் பேட்டரித் தெளிப்பான் என்ற இந்த இணையை விளம்பரங்களில் காண முடியாது. இந்த இரண்டு மாவட்டங்களின் கிராமத்து வீடுகளுக்கு நான் சொல்லும் முதல் தேர்வு இதுதான்.

வீடியோக்களில் நாம் பார்க்கும் பஞ்சுப்பொதி நுரையைத் தருவது பிரஷர் வாஷரில் மாட்டும் ஃபோம் கேனன். அழுத்தத் தண்ணீர் ஊசித்துளை வழியாகச் சீறிப் பாயும்போது பக்கத்தில் அழுத்தம் குறைந்து, பாட்டிலிலிருந்து சோப்பும் துவாரத்திலிருந்து காற்றும் உள்ளே இழுபடுகின்றன. இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி 1797-இல் எழுதிவைத்த விளைவுதான் இது. மூன்றும் ஒரு எஃகு வலைச்சுருளைக் கடக்கும்போது நுரை பிறக்கிறது.

இதில் வாங்குபவர் பார்க்க வேண்டிய எண்ணைப் பெட்டியில் பெரிதாக அச்சிடுவதில்லை. பெரிதாக இருப்பது 110 பார், 120 பார் என்ற உச்ச அழுத்தம். நுரையைத் தீர்மானிப்பது மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது. வீட்டு உபயோகத்துக்கு வரும் போஷ், கார்ஷர் சிறிய மாடல்கள் மணிக்கு 330 முதல் 360 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் தள்ளுகின்றன. கேனனோடு வழக்கமாக வரும் ஊசித்துளை 1.25 மில்லிமீட்டர். பெரிய வாஷருக்கு அது சரி. நம் சிறிய வாஷருக்கு அந்தத் துளை பெரிது. அழுத்தம் விழுந்து நுரை நீர்த்துவிடும். 1.1 மில்லிமீட்டர் துளைக்கு மாற்றினால் அதே வாஷர், அதே கேனன், நுரையின் கனம் கண்ணுக்குத் தெரிந்து கூடும். கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாஷர் நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பு வாய் வேறு என்பதால் பொருந்தும் அடாப்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும். வாஷரோடு இலவசமாக வரும் சோப்புப் பாட்டில் நாசிலைக் கேனன் என்று நம்ப வேண்டாம். அது சோப்புத் தண்ணீர் மட்டும் தரும்.

மின்சாரத்தையும் கணக்குப் போட வேண்டும். 1,400 வாட் வாஷர் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். வாசல் விளக்கோடு சேர்ந்த 5 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. 15 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் இருந்தாலொழிய ஈரத்தரையில் நின்று இந்த இயந்திரத்தை இயக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பாமல் நிற்கும். உடனே அணைத்துவிட வேண்டும். மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தம் இங்கே பெரிய தடையில்லை. வாளியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. அப்படிப்பட்டதை வாங்குவது நல்லது. உறிஞ்சும் முனையில் வடிகட்டி அவசியம், போர் தண்ணீரின் மணல் பம்பைத் தின்றுவிடும்.

வாஷருக்கும் கேனனுக்கும் சேர்த்து ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை ஆகிறது. யாருக்கு இது தகும்? ஆலைச் சாலையில் தினம் போய்வருபவர்களுக்கு, இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அடிப்பக்கச் சேற்றை இறக்க வேண்டிய வாடகை வண்டிக்காரர்களுக்கு. வாரம் ஒரு முறை டவுனுக்குள் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. பேட்டரியில் ஓடும் கைத்துப்பாக்கிகள் இப்போது நிறைய வருகின்றன. அலசுவதற்கு ஓரளவு பரவாயில்லை, நுரை கைப்பம்பைவிடப் பெரிதாக மேலில்லை, பேட்டரி போனால் அதே பேட்டரி கிடைப்பது அரிது. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இருக்கும் கம்ப்ரசர் நுரை டேங்க் வீட்டுக்கானது அன்று.

கருவி எதுவானாலும் ஷாம்பு அளவில் ஒரு குழப்பம் தொடர்ந்து நடக்கிறது. கேனன் பாட்டிலில் கலப்பது முடிவான கலவை இல்லை. வாஷர் தண்ணீர் அதை இன்னும் ஏறத்தாழ பத்து மடங்கு நீர்க்கும். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலில் 100 மில்லி ஷாம்பு ஊற்றுவது சரி. கைப்பம்பில் கலப்பது அப்படியே வண்டியில் விழும். அங்கே லிட்டருக்கு 20, 30 மில்லி போதும். கேனனுக்குச் சொன்ன அளவைக் கைப்பம்பில் ஊற்றினால் காசும் போகிறது, வழுவழுப்பு போக இரண்டு மடங்கு தண்ணீரும் போகிறது. ஷாம்புக்குப் பதில் துணி துவைக்கும் பவுடரைப் போட வேண்டாம். அதில் சலவைச் சோடா இருக்கும். வண்டியின் மெழுகை எடுத்துவிடும், கரையாத துகள் கீறும்.

வேலையின் வரிசை இங்கே தூசியால் மாறுகிறது. குளிர்நாட்டு வழக்கப்படி காய்ந்த வண்டியின் மேலேயே முதலில் நுரை அடிப்பார்கள். அரியலூர்த் தூசிக்கு முதலில் தண்ணீர். மேலிருந்து கீழாகத் தாராளமாக இறக்கிவிட்டுப் பிறகு நுரை. நிழலில், தகடு ஆறிய பிறகு. நுரை நாலைந்து நிமிடம் நின்று தூசியை இழுத்துக்கொண்டு வழிய வேண்டும். சித்திரை வெயிலில் சூடான பானெட்டில் ஒரே நிமிடத்தில் காய்ந்து, ஷாம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தடமாக ஒட்டிக்கொள்ளும். வழிந்ததும் அலசி, மறுபடி மெல்லிய நுரை, அதன் மேல் மைக்ரோஃபைபர் கையுறை. சோப்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச ஒரு வாளி. நுரை மட்டும் அடித்து அலசினால் வண்டி சுத்தமாகிவிடும் என்பது விளம்பரம். கையால் தொடாமல் கடைசிப் படலம் போகாது.

கடைசி அலசலில்தான் உப்புக் கறை உண்டாகிறது. போர் தண்ணீர் துளித்துளியாகக் காய்ந்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகும். ஆர்.ஓ. கழிவுநீரைக் காருக்கு விடுங்கள் என்ற யோசனையை எல்லோரும் சொல்கிறார்கள். சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் முதல் அலசலுக்கும் சரி. கடைசி அலசலுக்குக் கூடாது. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. சேர்த்துவைத்த ஏ.சி. தண்ணீரோ மழைநீரோ ஒரு வாளி இருந்தால் போதும், ஊற்றிவிட்டு உடனே துடைக்க வேண்டும்.

தண்ணீர்ச் செலவை நான் இறுதியாக வைப்பது அது சிறியது என்பதால் அன்று. நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும் ஓஸை 20 நிமிடம் திறந்துவிட்டால் 300 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்கள் போடுகிறார்கள். இரண்டு பேரின் ஒரு நாள் தண்ணீருக்கும் மேல். வாஷர் 10 நிமிடம் ஓடினால் 60 லிட்டர். கைப்பம்பு, ஒரு டேங்க் அலசல், இரண்டு வாளி என்றால் 50-க்குள் முடியும். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரை எதிர்பார்த்து நாள் குறித்துக் குடம் வைக்கும் ஊர்களில் அப்படியொரு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நுரை கலக்கும் ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் அந்தத் தண்ணீரை வண்டிக்கு எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாங்கிய கருவி ஒரு வருடம் தாண்டி உழைப்பதும் தண்ணீரைப் பொறுத்தே அமைகிறது. வேலை முடிந்ததும் மிச்ச ஷாம்புக் கரைசலைக் குடுவையிலேயே விட்டுவைத்தால் வலைச்சுருளில் பிசுக்கு இறுகும். நல்ல தண்ணீர் ஊற்றி, நுரை நின்று வெறும் தண்ணீர் வரும்வரை பீய்ச்ச வேண்டும். மாதம் ஒரு முறை நாசிலையும் வலையையும் கழற்றி, நீர்த்த வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரையும். கைப்பம்பின் ரப்பர் வளையத்தில் இரண்டு சொட்டு சிலிகான் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் ரப்பரை உப்ப வைக்கும். கேனனின் வலைச்சுருள் கடின நீரில் சீக்கிரம் அடைபடும். நுரை படிப்படியாக மெலிந்தால் புதுக் கேனன் தேட வேண்டாம், வலையை மாற்றினால் போதும். வாங்கும் அன்றே ஒரு வலைச்சுருளும் இரண்டு ரப்பர் வளையங்களும் 1.1 துளையும் சேர்த்து வாங்கிவையுங்கள். உதிரிப்பாகத்துக்காகத் திருச்சிக்குப் பஸ் ஏறும் செலவில் பாதிகூட ஆகாது.